துண்டு எழுதிவிட்டாற் கடமை தீர்ந்ததா?

நோயைக் கண்டுபிடிப்பது ஒன்று. நோயாளியைக் காப்பாற்றுவது மற்றொன்று. இவ்விரண்டுக்கும் இடையே, யாழ்ப்பாணக் குடாநாட்டின் கிராமங்களிலும் தீவுகளிலும், ஒரு சிறு கடதாசித் துண்டு கிடக்கின்றது. "பிறசர் கூடியிருக்கு, பெரியாஸ்பத்திரியிலை கொண்டுபோய்க் காட்டுங்கோ" என்று கூறிக் கிராமத்து வைத்தியசாலையில் எழுதிக் கொடுக்கப்படும் துண்டு அது. அத்துண்டைப் பெற்றவர் எத்தனை பேர்? அதைக் கொண்டுசென்று உரிய வைத்தியரைக் கண்டவர் எத்தனை பேர்? கண்டபின் மருந்தை இடைவிடாது உட்கொள்பவர் எத்தனை பேர்? இவற்றுக்கு விடை கூறும் பொறுப்பு எவருக்கும் இல்லை. எழுதியவரின் கடமை எழுதியதோடு முடிந்தது. பெறவேண்டியவரின் கடமை வந்தவரைப் பார்ப்பது. வராதவரைப் பற்றி அவர் அறியார். இடையில் நிற்பவர் யார்? கமக்காரர், கூலியாள், கடற்றொழிலாளி, கணவனைப் போரிலே பறிகொடுத்த தாய், பிள்ளைகளெல்லாம் கனடாவிலும் இலண்டனிலும் இருக்கப் பெரிய வீட்டைத் தனியே காவல் காக்கும் முதியவர். இவர்களைக் குறித்தே இவ்வாரம் எழுதுகின்றோம்.

இவர்கள் வைத்தியரிடம் போகாமைக்கு அறியாமையே காரணம் என்று நகரத்திலிருந்து தீர்ப்புக் கூறுவோர் பலர். அத்தீர்ப்புத் தவறானது என்பதே எமது கட்சி. துண்டு எழுதுவது கடமையின் தொடக்கம். நோயாளியைச் சிகிச்சையிலே கொண்டுபோய்ச் சேர்ப்பதே அதன் முடிவு. அந்த முடிவுக்குரிய பொறுப்பைச் சுகாதாரப் பகுதி ஏற்கும்வரை, கிராமந்தோறும் நடைபெறும் பரிசோதனைகள் யாவும் கிணற்றிலிருந்து இறைத்த நீரை உடைந்த வாய்க்காலிலே விட்ட கதையாகவே முடியும். பாத்திக்குப் போய்ச் சேராத தண்ணீரால் பயிருக்கு யாது பயன்? கமக்காரருக்கு இதனை விளக்கவேண்டியதில்லை. விளங்கவேண்டியவர்கள் வேறிடத்திலே இருக்கின்றனர்.

சத்தமின்றி வரும் நோய்

இரத்த அழுத்தம் உயர்ந்திருப்பது பெரும்பாலும் உடம்புக்குத் தெரிவதில்லை. தலையிடித்தால், தலை சுற்றினால் அப்போது பார்த்துக்கொள்ளலாம் என்று எண்ணியிருப்போர் அநேகர். அறிகுறி ஏதுமின்றியே அந்நோய் ஆண்டுக்கணக்காக இருதயத்தையும் மூளையின் இரத்தக் குழாய்களையும் சிறுநீரகத்தையும் கண்ணையும் சிறிது சிறிதாகக் கெடுக்கின்றது. தோட்டத்திலே மண்வெட்டியோடு நின்றவர் வாய் கோணிக் கையுங் காலும் இழுத்து விழுந்த பின்னரே, வீட்டார் பாரிசவாதம் என்ற சொல்லைக் கேட்கின்றனர். அன்றுதொட்டு முடங்குவது ஒருவர் மட்டுமன்று. தூக்கி இருத்துவதற்கு மனைவி, மருந்தெடுக்க மகன், படிப்பை நிறுத்திவிட்டு வீட்டிலே நிற்பதற்கு மகள். ஒரு குடும்பத்தின் உழைப்பே கட்டிலோடு கட்டப்படுகின்றது.

இது நமது குடாநாட்டுக்கு மட்டும் வந்த துன்பமன்று. 30 வயதுக்கும் 79 வயதுக்கும் இடைப்பட்டோரில் ஏறத்தாழ 130 கோடிப் பேருக்கு உயர் இரத்த அழுத்தம் உண்டென்றும், அவர்களுள் ஏறக்குறைய அரைவாசிப்பேர் தமக்கு அந்நோய் இருப்பதையே அறியாரென்றும், ஐவருள் ஒருவருக்கே அது கட்டுப்பாட்டில் இருக்கின்றதென்றும் உலக சுகாதார நிறுவனம் 2023ஆம் ஆண்டு வெளியிட்ட அறிக்கை கூறுகின்றது. இலங்கையில் 2021இல் நடத்தப்பெற்ற தேசிய ஆய்வு, வளர்ந்தோரில் மூவருக்கு ஒருவர் என்ற அளவில் இந்நோய் பரவியிருப்பதைக் காட்டியது.

மருந்தில்லாத நோயா இது? அன்று. மேல் அழுத்தத்தை 10 மில்லிமீற்றர் அளவு குறைத்தாலே பாரிசவாதம் வரும் ஆபத்து நாலில் ஒரு பங்குக்கு மேல் குறைகின்றதென்பது பல பரிசோதனைகளைத் தொகுத்து 2016இல் நிலைநாட்டப்பட்ட உண்மை. அம்லோடிப்பின், லொசாட்டன் முதலிய குளிசைகள் மலிவானவை, பழக்கப்பட்டவை, அரசாங்க வைத்தியசாலைகளில் இலவசமாகக் கொடுக்கப்படுபவை. நோய் தெரியும், மருந்து தெரியும், வைத்தியரும் இருக்கின்றார். அப்படியிருந்தும் மக்கள் விழுகின்றார்களென்றால், கைக்கெட்டியது வாய்க்கெட்டாமற் போகும் இடம் எது என்று தேடவேண்டாமா?

கண்டுபிடிக்கத் தெரிந்த அரசாங்கம்

அரசாங்கம் எதுவுமே செய்யவில்லை என்று நாம் கூறவில்லை. உண்மையை மறைத்து வாதாடுவது எமது வழக்கமன்று. 2011ஆம் ஆண்டு தொடக்கம் இலங்கை முழுவதிலும் ஆரோக்கிய வாழ்க்கை நிலையங்கள் அமைக்கப்பட்டன. 40 வயது தொடக்கம் 65 வயது வரையுள்ளோரைப் பரிசோதிக்கவே முதலில் அவை தோன்றின. பின்னர் 35 வயது தாண்டியோரும் சேர்த்துக்கொள்ளப்பட்டனர். அங்கே போனவரின் இரத்த அழுத்தத்தை அளக்கின்றனர். இரத்தத்திலே சீனியைப் பார்க்கின்றனர். நிறையையும் உயரத்தையும் குறிக்கின்றனர். நல்ல காரியம். ஆனால் இந்நிலையங்களுக்கு வருவோருள் பெரும்பாலோர் பெண்கள். ஆண்கள் வருவது மிகக் குறைவு. காரணம் வெளிப்படை. நிலையம் திறந்திருக்கும் பொழுது ஆண்கள் தோட்டத்திலோ கடலிலோ கூலிவேலையிலோ நிற்கின்றனர்.

வந்தவருக்கு அழுத்தம் 140க்கு 90 என்ற எல்லையைத் தாண்டியிருந்தால், வைத்தியரைக் காணும்படி துண்டு எழுதப்படுகின்றது. அங்கேயே வைத்தியர் இருந்து அங்கேயே மருந்து கிடைத்தால் நன்று. அழுத்தம் மிக உயர்ந்திருந்தாலோ, சிறுநீரகமோ இருதயமோ பாதிக்கப்பட்டிருக்கும் என்ற ஐயம் எழுந்தாலோ, விசேட வைத்தியர் உள்ள வைத்தியசாலைக்குத்தான் போகவேண்டும். பருத்தித்துறை, தெல்லிப்பழை, சாவகச்சேரி, ஊர்காவற்றுறை என்னும் இடங்களிலே ஆதார வைத்தியசாலைகள் உள. எல்லாவற்றுக்கும் மேலே யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலை. வடமாகாணம் முழுவதுக்கும் அஃதொன்றே போதனா வைத்தியசாலை. வரைபடத்தைப் பார்ப்பவருக்கு ஒழுங்காகத்தான் தோன்றும். துண்டைக் கையிலே வைத்திருப்பவருக்கு அந்த ஒழுங்கு எப்படித் தோன்றுகின்றது?

துண்டின் பிரயாணம்

நெடுந்தீவிலே ஒருவருக்குத் துண்டு கொடுக்கப்படுகின்றது என்று வைத்துக்கொள்வோம். அவர் படகுக்காகக் காத்திருந்து, ஏறத்தாழ ஒரு மணி நேரம் கடலைக் கடந்து குறிகட்டுவானிலே இறங்கி, அங்கிருந்து புங்குடுதீவு, வேலணை வழியாகப் பஸ்ஸிலே பட்டினம் வந்து சேரவேண்டும். கடல் கொந்தளித்தால் படகில்லை. வந்து சேர்ந்த நேரத்திலே வரிசை நீண்டுவிட்டால், அன்று திரும்பும் படகும் அவருக்கில்லை. பட்டினத்திலே உறவினர் வீடு தேடவேண்டும். அனலைதீவாருக்கும் எழுவைதீவாருக்கும் கடல் கடக்கும் இதே வில்லங்கம் உண்டு. வடமராட்சி கிழக்கிலே மருதங்கேணிப் பக்கத்தாருக்குக் கடலில்லை. ஆனால் நெடுந்தூரமும் பஸ் குறைவும் உண்டு.

அவசர நோயாளியைக் கடற்படையின் படகிலோ, வேண்டுமானால் ஹெலிகொப்டரிலோ ஏற்றி வருகின்றனர். நன்றி. ஆனால் பாரிசவாதம் வந்தபின் வானத்தால் ஏற்றிவரும் அரசாங்கம், அது வராமற் காக்கும் குளிசைக்காக நோயாளியைக் கடலிலே அலையவிடுவது எந்த ஊர் நியாயம்?

தீவை விடுங்கள். வலிகாமத்துச் செம்மண்ணுக்கு வாருங்கள். இங்கே வீதியுண்டு, பஸ்ஸுண்டு. கோப்பாயிலோ, நீர்வேலியிலோ, உரும்பிராயிலோ வெங்காயம் நட்டிருக்கும் ஒருவருக்கு, காலை நேரமே தண்ணீர் இறைக்கும் நேரம். கூலியாட்கள் வரும் நேரம். சந்தைக்கு மரக்கறி அனுப்பும் நேரம். கிளினிக்கும் காலையிலேதான். அவர் போகத் துணிந்தாற்கூட ஒருநாளில் காரியம் முடிவதில்லை. முதல்நாள் பதிவு, மறுநாள் இரத்தப் பரிசோதனை, பிறிதொருநாள் அறிக்கை, அதன்பின்னரே மருந்து. ஒரு துண்டுக்கு மூன்று நாட் கூலி! அந்நாட்களிலே அவருக்கு நோவுமில்லை; காய்ச்சலுமில்லை. உடம்பு நன்றாயிருக்கும்போது பயிரை வாடவிட்டு வரிசையிலே நிற்பதற்கு எத்துணை நம்பிக்கை வேண்டும்! அந்த நம்பிக்கையை ஊட்டும்படி அவரோடு கால் மணி நேரம் இருந்து பேசியவர் எவருமில்லை. "குளிசை தொடங்கினால் சாகுமட்டும் விடேலாது" என்று அயலார் சொன்ன சொல்தான் அவர் காதிலே நிற்கின்றது. அது ஏன் விடமுடியாதது, விட்டால் என்ன நேரும் என்பதைத் துண்டு எழுதியவர் சொல்லவில்லை. சொல்ல அவருக்கு நேரமில்லை. வெளியே இன்னும் நூறு பேர் நிற்கின்றனர்.

எல்லாத் தடையையுந் தாண்டி மருந்து பெற்றவரின் கதையும் அத்துடன் முடியவில்லை. 2022ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடியிலே நாடு முழுவதும் மருந்துக்குத் தட்டுப்பாடு வந்தது, எரிபொருளுமில்லை. அரசாங்க மருந்துச் சாலையிலே "இல்லை, வெளியிலே வாங்குங்கள்" என்ற விடை கிடைத்தது. வெளியிலே வாங்கப் பணமில்லாதவர் குளிசையைப் பாதியாக முறித்து நாளுக்கொரு பாதி போட்டார், பின்னர் விட்டார். விட்டவரைத் தேடி எவராவது போனார்களா?

யுத்தகாலத்திலே போகமுடியாமைக்குக் காரணங்கள் இருந்தன. 1990இல் வலிகாமம் வடக்கு மக்கள் வீடுவாசலை விட்டு ஓடினர். 1995இல் வலிகாமமே ஒரே இரவிலே பெயர்ந்தது. 2006 ஓகஸ்ட் மாதம் கண்டி வீதி முகமாலையிலே மூடப்பட்டபோது மருந்தும் உணவும் கப்பலிலே வந்தன. அக்காலத்து நோயாளி வைத்தியரைக் காணாது இறந்தாரெனின், பீரங்கியைக் காட்டலாம், காவலரணைக் காட்டலாம். யுத்தம் 2009இல் முடிந்தது. வீதிகள் அகலமாயின; பாலங்கள் எழுந்தன. இன்று துண்டு போய்ச் சேராமைக்கு எதனைக் காட்டப்போகின்றீர்கள்?

அறியாமை என்னும் பழி

"சனங்களுக்கு அக்கறையில்லை, விழுந்த பிறகுதான் வருவார்கள்" என்பார்க்கு ஒரு கேள்வி. இதே சனங்கள், இதே கிராமங்களிலே, தம் குழந்தைகளுக்குத் தடுப்பூசி போடத் தவறுகின்றார்களா? இலங்கையிலே குழந்தைகளுக்கான தடுப்பூசி 95 சதவீதத்துக்கு மேல் நிறைவேறுகின்றது. கர்ப்பிணித் தாய்மார் கிளினிக்குக்குப் போகாது இருக்கின்றார்களா? பிரசவத்திலே தாய்மார் இறப்பதைக் குறைத்ததில் இலங்கை ஆசியாவுக்கே எடுத்துக்காட்டென்று உலகம் புகழ்கின்றது. அந்தத் தாயும் இந்தத் துண்டுக்காரரும் ஒரே வீட்டிலேதான் வாழ்கின்றனர். தாய்க்குள்ள அக்கறை தகப்பனுக்கில்லையென்று எப்படிக் கொள்வது?

வேறுபாடு மக்களிடமில்லை, முறையிலே இருக்கின்றது. தாய் கர்ப்பமுற்றாளென்றால், குடும்பநல உத்தியோகத்தரின் பதிவேட்டிலே அவள் பெயர் ஏறுகின்றது. கிளினிக்குக்கு வராவிட்டால், அந்த அம்மையார் வீட்டுப் படலையைத் திறந்துகொண்டு வருகின்றார். "ஏன் பிள்ளை வரேல்லை?" என்று கேட்கின்றார். பிள்ளை பிறந்தபின்னும் வருகின்றார். 1926இல் களுத்துறையிலே முதலாவது சுகாதாரப் பிரிவு தொடங்கப்பட்ட காலந்தொட்டு வளர்ந்துவந்த வழக்கம் இது. வராதவர் பெயர் ஓர் ஏட்டிலே இருக்கின்றது. அந்த ஏட்டுக்கு ஓர் ஆள் பொறுப்பு. அந்த ஆளுக்கு ஓர் ஊர் பொறுப்பு. இத்தனையும் தாய்க்கும் சேய்க்கும் செய்யத் தெரிந்த அரசாங்கம், ஐம்பது வயதுக் கமக்காரருக்குச் செய்தது என்ன? ஒரு துண்டு!

இந்த நாட்டிலே எவரும் எந்த அரசாங்க வைத்தியசாலைக்கும் போகலாம். அது பெரிய சுதந்திரம்; அதனை இழக்க நாம் ஒருப்படோம். ஆனால் எங்கும் போகலாம் என்பதனால், ஒருவர் எங்கே போனார், போனாரா இல்லையா என்பதை அறியும் கடமை எவருக்கும் இல்லாமற் போயிற்று. எல்லாருக்கும் உரிய நோயாளி இறுதியில் எவருக்கும் உரியவரல்லாதவராகி விடுகின்றார்.

இரண்டு எசமானர்

இங்கே அரசியலும் நுழைகின்றது. 1987இல் அரசியலமைப்புக்குச் செய்யப்பட்ட 13ஆவது திருத்தத்தின்படி சுகாதாரம் மாகாணத்துக்கும் உரிய விடயம். பிரதேச வைத்தியசாலைகளும் ஆரம்ப மருத்துவப் பராமரிப்புப் பிரிவுகளும் மாகாணத்தின் கீழ் இருக்கின்றன. போதனா வைத்தியசாலையோ கொழும்பிலுள்ள சுகாதார அமைச்சின் நேர்க் கண்காணிப்பில் இருக்கின்றது. கிராமத்து வைத்தியர் எழுதும் துண்டு ஓர் எசமானின் வாசலிலே புறப்பட்டு இன்னோர் எசமானின் வாசலுக்குப் போகின்றது. அனுப்பியவர்க்கு மறுமொழி எழுதும்படி வற்புறுத்தும் அதிகாரம் யாருக்கு? இரண்டு அலுவலகங்களின் ஏடுகளையும் ஒப்பிட்டுப் பார்ப்பவர் யார்? போன நோயாளிக்கு என்ன மருந்து கொடுக்கப்பட்டதென்பது பெரும்பாலும் அனுப்பிய வைத்தியருக்கு ஒருபோதும் தெரிவதில்லை. நோயாளி கையிலே கொண்டுதிரியும் கிளினிக் கொப்பி ஒன்றே சாட்சி. அது மழையிலே நனைந்தால் அவருடைய வரலாறும் நனைந்தது.

கொழும்பைக் குற்றஞ் சாட்டுவதோடு நாம் நின்றுவிடப் போவதில்லை. வடமாகாண சபைக்கு 2013 செப்டெம்பர் மாதம் முதன்முதலாகத் தேர்தல் நடந்தது. 2018 ஒக்டோபரில் அதன் ஆயுள் முடிந்தது. இடைப்பட்ட ஐந்தாண்டுகளிலே தீர்மானங்களுக்குப் பஞ்சமிருக்கவில்லை. அவற்றுட் பல இன்றியமையாதன. அவற்றை நாமும் வரவேற்றோம். ஆனால் நெடுந்தீவு நோயாளியின் துண்டைக் குறித்து அத்துணை ஆவேசத்தோடு எவரும் முழங்கியதை நாம் கேட்டிலோம். சபை கலைந்தபின்னரோ, பல ஆண்டுகள் தேர்தலின்றி ஆளுநர் நிர்வாகத்திலேயே கழிந்தன. கேட்கவேண்டிய மக்களுக்குச் சபையில்லை. சபை இருந்தபோது கேட்டவரில்லை. உரிமை கேட்டு நிற்கும் இனம், கையிலே வந்த சிற்றதிகாரத்தையேனும் தன் ஏழையின் உயிரைக் காக்கப் பயன்படுத்திக் காட்டவேண்டும். அதுவே பேரதிகாரம் கேட்பதற்கு நாம் காட்டக்கூடிய மிகச்சிறந்த அத்தாட்சி.

எந்த மொழியில் எழுதுகின்றீர்கள்?

அத்துண்டு எழுதப்படுவது ஆங்கிலத்திலே. நோயாளி அதனைத் திருப்பித் திருப்பிப் பார்க்கின்றார், ஒன்றும் விளங்கவில்லை. எந்தக் கிழமை, எத்தனை மணிக்கு, எந்தக் கட்டடத்துக்கு, வெறுவயிற்றோடா உணவருந்தியா, பழைய மருந்தைக் கொண்டுபோவதா என்று அவருக்கு வேண்டியவற்றுள் ஒன்றும் அதிலே தமிழில் இல்லை.

வைத்தியர் வைத்தியருக்கு எழுதுவது ஆங்கிலத்தில் இருக்கட்டும். அதனை நாம் எதிர்க்கவில்லை. நோயாளி அறியவேண்டியது அவருடைய மொழியில் இருக்கவேண்டாமா? தமிழிலே வைத்தியத்தை எழுதவியலாது என்பார் மானிப்பாயின் வரலாற்றைப் படிப்பாராக. 1847இல் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க மிஷன் வைத்தியரான சாமுவேல் பிஸ்க் கிறீன், மேனாட்டு வைத்தியத்தைத் தமிழ் மாணவருக்குத் தமிழிலேயே கற்பித்தார், மருத்துவ நூல்களைத் தமிழிலே ஆக்கினார், ஆக்குவித்தார். அந்நிய நாட்டிலே பிறந்தவர் உடற்கூற்று நூலையே தமிழாக்கிய மண்ணிலே, ஒன்றரை நூற்றாண்டுக்குப் பின்னர், "செவ்வாய்க்கிழமை காலை வெறுவயிற்றோடு வரவும்" என்ற ஒரு வரியைத் தமிழிலே எழுத நமக்கு இயலாதா? தமிழும் அரச கரும மொழியென 1987இல் எழுதப்பட்டதே. அது அந்தத் துண்டுவரை இன்னும் வந்துசேரவில்லையா?

பணமில்லை என்பது சாட்டு

இவற்றுக்கெல்லாம் பணம் ஏது என்று கேட்பர். செய்து காட்டியவர்களைப் பார்ப்போம்.

வங்காளதேசம், பாக்கிஸ்தான், இலங்கை ஆகிய மூன்று நாடுகளிலே 30 கிராமச் சமூகங்களில், 2,600க்கு மேற்பட்ட நோயாளரைக்கொண்டு நடத்தப்பெற்ற ஆராய்ச்சியொன்றின் முடிவு 2020இல் வெளிவந்தது. அரசாங்கத்தின் கிராமச் சுகாதாரப் பணியாளர் வீடு தேடிச் சென்று அழுத்தத்தை அளந்தனர். உணவையும் மருந்தையும் பற்றிப் பேசினர். அழுத்தம் அடங்காதவரை வைத்தியரிடம் அனுப்பினர். வழக்கம்போல் விடப்பட்ட கிராமங்களைவிட அக்கிராமங்களிலே மேல் அழுத்தம் சராசரியாக 5 மில்லிமீற்றர் கூடுதலாகக் குறைந்தது. கிடைத்த பெரிய கருவி யாது? வீட்டுப் படலையைத் திறந்த ஒரு மனிதர்.

பாக்குநீரிணைக்கு அப்பாலும் பார்ப்போம். தமிழ்நாட்டு அரசு 2021 ஓகஸ்ட் மாதம் கிருஷ்ணகிரி மாவட்டத்திலே "மக்களைத் தேடி மருத்துவம்" என்னும் திட்டத்தைத் தொடங்கியது. இரத்த அழுத்தத்துக்கும் நீரிழிவுக்கும் உரிய குளிசைகள் வீட்டுக்கே கொண்டுபோய்க் கொடுக்கப்படுகின்றன. அத்திட்டம் 2024இல் ஐக்கிய நாடுகளின் விருதையும் பெற்றது. அங்கே குறையே இல்லையென்று நாம் சொல்லவரவில்லை. மக்களைத் தேடி மருந்து போகவேண்டும் என்ற கொள்கையை ஓர் அரசாங்கம் ஏற்றுக்கொண்டது என்பதையே சுட்டுகின்றோம். நமது கொள்கையோ இன்றும் மருந்தைத் தேடி மக்கள் அலையவேண்டும் என்பது.

பணக் கணக்கே பார்ப்பதானாலும், வாரத்துக்கு இரண்டு மூன்று தடவை ஒருவருக்குச் சிறுநீரகச் சுத்திகரிப்புச் செய்யும் செலவையும், பாரிசவாதம் வந்தவரை மாதக்கணக்கிலே பராமரிக்கும் செலவையும், ஒரு மாதக் குளிசையின் விலையோடு வைத்துப் பாருங்கள். வேலியடைக்கச் செலவு என்று விட்டுவிட்டுத் தோட்டம் முழுவதையும் மாட்டுக்குக் கொடுப்பவன் சிக்கனக்காரனா?

நாம் கேட்பவை

வெறுமனே குறைகூறுவது எமது நோக்கமன்று. எமது கோரிக்கைகள் சில, அவை எளியன.

முதலாவது, அனுப்பும் வைத்தியசாலை ஒவ்வொன்றிலும் ஏடு ஒன்று இருக்கவேண்டும். யாரை, எங்கே, எந்த நாளுக்கு அனுப்பினோம் என்பது அதிலே பதியப்பட்டு, குறித்த ஒரு மாதத்துள் போகாதவர் வீட்டுக்கு ஒருவர் போகவேண்டும். குடும்பநல உத்தியோகத்தர்களின் தலையிலே இச்சுமையையும் ஏற்றும்படி நாம் கேட்கவில்லை. அவர்களுக்குள்ள வேலையே அதிகம். பொதுச் சுகாதாரத் தாதியரைப் போதிய தொகையில் நியமித்து, கிராமத்துப் பிள்ளைகளை அவர்களுக்கு உதவியாகப் பயிற்றுங்கள்.

இரண்டாவது, துண்டிலே நாள், நேரம், இடம் மூன்றும் தமிழில் இருக்கவேண்டும். பரிசோதனைகள் இயன்றவரை ஒரே நாளில் முடியவேண்டும். தீவார் வந்தால் திரும்பும் படகுக்கு முன் அவர்களைப் பார்த்தனுப்பவேண்டும்.

மூன்றாவது, விசேட வைத்தியர் ஒருமுறை பார்த்து மருந்தைத் தீர்மானித்தபின், மாதாமாதம் அம்மருந்து நோயாளியின் சொந்த ஊர் வைத்தியசாலையிலேயே கிடைக்கவேண்டும். தீவுகளுக்கு நோயாளர் வருவதற்குப் பதிலாக, குறித்த நாளில் விசேட வைத்தியர் போகவேண்டும். பத்து நோயாளர் கடல் கடப்பதினும் ஒரு வைத்தியர் கடப்பது எளிது.

நான்காவது, மாதத்தில் ஒரு மாலையோ ஒரு ஞாயிற்றுக்கிழமையோ உழைப்பாளருக்கென்று கிளினிக் திறந்திருக்கவேண்டும்.

ஐந்தாவது, அனுப்பியவர்க்கு மறுமொழி எழுதுவது கட்டாயமாகவேண்டும். மாகாணத்தாரும் மத்தியாரும் மாதமொருமுறை ஒரே மேசையிலிருந்து அனுப்பியவர், வந்தவர், வராதவர் ஆகியோரின் தொகையைப் பார்த்து, அதனை மக்களறிய வெளியிடவேண்டும். வெட்கப்படத்தக்க தொகையென்றால் வெட்கப்படட்டும்.

வைத்தியருக்கும் கமக்காரருக்கும்

வைத்தியப் பெருமக்களே, உங்களுட் பெரும்பாலோர் இந்த மண்ணின் பிள்ளைகள். இலவசக் கல்வியாலே உயர்ந்தவர்கள். 2022இன் பின் உங்கள் தோழர் பலர் கடல் கடந்து போனபோதும், இங்கே நின்று இரட்டிப்புப் பளுவைச் சுமப்பவர்களை நாம் வணங்குகின்றோம். ஆயினும் ஒன்றைச் சொல்லாதிருக்க இயலாது. காலையிலே அரசாங்க வைத்தியசாலையில் ஓரிரு நிமிடம் பெறும் நோயாளி, மாலையிலே பணங் கட்டித் தனியார் மனையிலே சனல் பண்ணினால் கால் மணி நேரம் பெறுகின்றாரென்றால், அந்தக் கால் மணி நேரத்தின் விலையைக் கொடுக்கமுடியாத கூலிக்காரர் என்ன செய்வார்? சட்டம் அனுமதித்ததை நாம் குற்றமென்று சொல்லவில்லை. ஆனால் மாதத்திலே ஒரு மாலையைக் கிராமத்துக்குக் கொடுங்கள் என்று கேட்கும் உரிமை இந்த மண்ணுக்கு உண்டு.

கமக்காரர்களே, உங்களுக்கும் ஒரு சொல். பயிரிலே ஓர் இலை சுருண்டால் அன்றே மருந்தடிக்கின்றீர்கள். இலை முழுவதும் கருகட்டும் என்று காத்திருப்பதில்லை. உங்கள் உடம்புக்கு மட்டும் ஏன் வேறு சட்டம்? உங்கள் ஊரிலே சனசமூக நிலையம் இருக்கின்றது. கமக்காரர் அமைப்பு இருக்கின்றது. மாதர் சங்கம் இருக்கின்றது. துண்டு கிடைத்தவர் தாமாக வந்து சொன்னால், அவரோடு கூடப்போக ஓராளையும், அன்று அவருடைய தோட்டத்துக்குத் தண்ணீர் கட்ட ஓராளையும் ஊர் கொடுக்காதா? செத்தவீட்டுக்கு ஊரே திரண்டு வருகின்றது. உயிரோடிருக்கும்போது ஒருவர் வந்தாற் போதாதா? பிறநாடுகளிலே வாழும் எம்மவரும் கோபுரத்துக்கும் மதிலுக்கும் அனுப்பும் பணத்திலே ஒரு சிறு பங்கை, தனித்திருக்கும் முதியோரைக் கிளினிக்குக்கு ஏற்றியிறக்கும் வாகனத்துக்கு அனுப்பட்டும். தகப்பனுக்குப் பணம் அனுப்பினாற் போதாது; அவரைக் கூட்டிச்செல்லும் கையையும் அனுப்பவேண்டும்.

ஆயினும், ஊர் செய்யும் உபகாரம் அரசாங்கத்தின் கடமைக்கு ஈடாகாது. வரி கொடுப்பவர் இந்தக் கமக்காரரும் இந்தக் கடற்றொழிலாளியுமே. அவர்கள் வாங்கும் ஒவ்வொரு தீப்பெட்டியிலும் அந்தக் கடமையின் விலை கட்டப்பட்டிருக்கின்றது. ஆகவே பிச்சை கேட்கவில்லை, கணக்குக் கேட்கின்றோம். இவ்வாண்டு குடாநாட்டிலே உயர் இரத்த அழுத்தத்துக்கென எழுதப்பட்ட துண்டுகள் எத்தனை? உரிய இடத்தைச் சென்றடைந்தவை எத்தனை? இவ்விரண்டு எண்களையும் மாகாணமும் மத்தியும் மக்கள் முன் வைக்கட்டும். வைக்கமுடியாதென்றால், எண்ணவேயில்லை என்பது பொருள். எண்ணப்படாத மனிதர் காக்கப்படுவதில்லை. எண்ணும்வரை நாம் கேட்டுக்கொண்டே இருப்போம்.